பக்கவாட்டு ஸ்க்ரோல்பார்: வேண்டிய இடத்தில் வரவழைக்க, வேண்டாத இடத்தில் விரட்ட

ஒரு வருகைப் பதிவேட்டை இணையப் பக்கமாகச் செய்துகொண்டிருந்தேன். பெயருக்கு ஒரு நெடுவரிசை, மாதங்களுக்குப் பன்னிரண்டு, கடைசியில் மொத்தம். ஆக 14. மேசைக் கணினியில் லட்சணமாக உட்கார்ந்திருந்தது. போனில் திறந்தேன். பெயர்கள் இரண்டு மூன்று வரியாக மடிந்து கிடந்தன. அட்டவணை பக்கத்தின் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்து நகர்த்தினால் அட்டவணையோடு சேர்ந்து மேலே இருந்த மெனு, கீழே இருந்த பொத்தான் எல்லாமே ஊஞ்சல் மாதிரி ஆடின.

அட்டவணைக்கு மட்டும் ஒரு பக்கவாட்டு ஸ்க்ரோல்பார் (இழுத்து நகர்த்தும் பட்டை) இருந்தால் போதும், மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும். சரி, ஸ்க்ரோல்பாருக்கு என்ன டேக் என்று தேடினேன். இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் அப்படி ஒரு டேக், அதாவது உறுப்பைக் குறிக்கும் குறியீடு, கிடையாது. பொத்தானையோ படத்தையோ எடுத்து வைப்பதுபோல் ஸ்க்ரோல்பாரை எடுத்து வைக்க முடியாது. சில நிலைமைகள் கூடி வரும்போது பிரவுசர் அதைத் தானே வரைகிறது. அந்த நிலைமைகள் மூன்று. வெளியே ஒரு பெட்டி இருக்க வேண்டும், அதன் அகலத்துக்கு ஒரு வரம்பு இருக்க வேண்டும். உள்ளே இருப்பது அந்த வரம்புக்குள் சுருங்க மறுக்க வேண்டும். மிஞ்சுவதை நகர்த்திக் காட்டலாம் என்று வெளிப்பெட்டிக்கு நாம் அனுமதி தர வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் எழுதிவிட்டு "வரவே இல்லையே" என்று உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

நிரல் (கோட்) பற்றி ஒரு குறிப்பு. கீழே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே, ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நான் இடைக்கோடு போட்ட இடத்தில் இடைக்கோடு வரும், பிக்சல் என்றால் எண்ணோடு ஒட்டிய அதன் இரண்டெழுத்துச் சுருக்கம். கிளாஸ் பெயர்களை, அதாவது உறுப்புகளுக்கு நாம் சூட்டும் பெயர்களை, மட்டும் மாற்ற வேண்டாம். அவை தமிழிலேயே இருக்கலாம். எச்டிஎம்எல்லும், தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ்ஸும் தமிழ் எழுத்தில் வரும் கிளாஸ் பெயரை ஏற்றுக்கொள்ளும். கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால் போதும்.

முதலில் ஓர் உறை

அட்டவணையை ஒரு டிவ்வுக்குள், அதாவது ஒரு வெற்றுப் பெட்டிக்குள், வையுங்கள்.

```
<டிவ் கிளாஸ்="அட்டவணை-உறை">
  <டேபிள்>
    ...
  </டேபிள்>
</டிவ்>
```

சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி:

```
.அட்டவணை-உறை {
  ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ;
}
```

டிவ் இயல்பிலேயே தன்னைத் தாங்கும் பெட்டியின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் வரம்பு தானாகக் கிடைத்துவிடுகிறது. தனியாக அகலம் எழுதத் தேவையில்லை. போனில் 360 பிக்சல் என்றால் உறையும் ஏறக்குறைய 360, அட்டவணை அதைவிடப் பெரிதானால் ஸ்க்ரோல்பார்.

"எதற்கு வெட்டியாக ஒரு டிவ்? டேபிளுக்கே நேராக ஓவர்ஃப்ளோ கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. ஓவர்ஃப்ளோ என்பது பிளாக், ஃப்ளெக்ஸ், கிரிட் வகைப் பெட்டிகளுக்கு உரியது. டேபிள் வகைக்கு நகர்த்திக் காட்டும் வேலை பொருந்தாது. பெட்டியின் வகையைச் சொல்லும் டிஸ்ப்ளே பண்பை டேபிளுக்கு பிளாக் என்று மாற்றி ஏமாற்றுகிற வழியும் உண்டு, பல இடங்களில் அதைப் பார்ப்பீர்கள். நான் செய்வதில்லை. அப்படி மாற்றும்போது சில பிரவுசர்களில், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கு அது அட்டவணையாகவே தெரியாமல் போய்விடும். எந்த எண் எந்த மாதத்துக்கு உரியது என்ற தொடர்பே அறுந்துவிடும். ஒரு டிவ் கூடுதலாக எழுதுவது எவ்வளவோ மேல்.

அடுத்து, உள்ளே இருப்பது மடங்கக் கூடாது

உறை போட்டாயிற்று. ஆனால் பெயர்கள் இன்னும் மடிந்துதான் கிடக்கும். காரணம், அட்டவணை எப்போதும் முடிந்தவரை விட்டுக்கொடுத்துப் போகும் சுபாவம் கொண்டது. இடம் குறைந்தால் முதலில் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வரியை உடைக்கும். இனி உடைக்கவே முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் வெளியே நீளும். நமக்கு வேண்டியது அதற்கு முன்பே நீள்வது.

இரண்டு வழி இருக்கிறது. கட்டங்களுக்கு வைட்-ஸ்பேஸ்: நோராப் என்று கொடுக்கலாம், எந்த வரியும் மடியாது. இல்லையென்றால் டேபிளுக்கு மின்-விட்த்: 1100 பிக்சல் என்பதுபோல் ஒரு குறைந்தபட்ச அகலம் தரலாம். எண்களும் தேதிகளும் மட்டும் உள்ள அட்டவணைக்கு முதல் வழி கச்சிதம். ஆனால் "குறிப்புகள்" என்று ஒரு நெடுவரிசை இருந்து, அதில் யாராவது நாலு வாக்கியம் எழுதிவைத்திருந்தால் நோராப் அதை ஒரே வரியாக, ரயில் மாதிரி, மூவாயிரம் பிக்சலுக்கு இழுத்துவிடும். அந்த மாதிரி இடத்தில் குறைந்தபட்ச அகலம்தான் நல்லது. என் பதிவேட்டில் இரண்டையும் கலந்தேன். பெயர் நெடுவரிசைக்கு மட்டும் நோராப், டேபிள் முழுவதற்கும் 1100 பிக்சல்.

நிரல் துண்டுகளைக் காட்டும் ப்ரீ டேக்குக்கு இந்தக் கவலை இல்லை. அது பிறவியிலேயே வரியை மடிக்காது. ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ ஒன்று போதும்.

ஆட்டோவா, ஸ்க்ரோலா

ஓவர்ஃப்ளோ-எக்ஸ்ஸுக்கு ஐந்து மதிப்புகள். விசிபிள் என்பது இயல்பு நிலை. மிஞ்சுவது வெளியே வழியும். ஹிடன் மிஞ்சுவதை வெட்டிவிடும். கிளிப் இன்னும் கண்டிப்பானது: ஹிடன் போட்ட பெட்டியை ஜாவாஸ்கிரிப்ட் மூலமாவது நகர்த்தலாம், கிளிப் போட்டால் அதுவும் முடியாது. ஸ்க்ரோல், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பட்டைக்கு இடம் ஒதுக்கி வைக்கும். ஆட்டோ, மிஞ்சினால் மட்டும் காட்டும். பத்துக்கு ஒன்பது முறை ஆட்டோதான் வேண்டும்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது, அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. பக்கவாட்டுக்கு ஆட்டோ என்று கொடுத்துவிட்டு, மேல்-கீழ் அச்சைத் தொடாமல் விட்டால், அது விசிபிளாகவே இருக்கும் என்றுதான் நினைப்போம். இருக்காது. ஒரு அச்சு நகரும் நிலைக்கு வந்துவிட்டால், மறு அச்சில் உள்ள விசிபிளை பிரவுசர் தானே ஆட்டோவாக மாற்றிக்கொள்ளும். விளைவு என்ன தெரியுமா? ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் மூன்று புள்ளி வைத்த ஒரு சின்ன மெனு வைத்திருந்தேன். கடைசி வரிசையில் அதைத் திறந்தால், மெனு உறைக்கு வெளியே விரியாமல், உறைக்குள் செங்குத்தாக ஒரு ஸ்க்ரோல்பாரை வரவழைத்துக்கொண்டு உள்ளேயே ஒளிந்துகொண்டது. ஓவர்ஃப்ளோ-ஒய்: விசிபிள் என்று நானே எழுதிப் பார்த்தேன், பிரவுசர் மதிக்கவில்லை. மெனுவை உறைக்கு வெளியே, பக்கத்தின் நேரடிப் பிள்ளையாக (நடுவில் வேறு பெட்டி எதுவும் இல்லாமல்) வைப்பதுதான் கடைசியில் தீர்வாக அமைந்தது.

வரம்பு இல்லாத பெட்டி: மூன்று நாள் தின்ற பிழை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பதிவேட்டுப் பக்கம் தனியாக நன்றாக வேலை செய்தது. அப்புறம் அதை ஒரு நிர்வாகத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தேன். இடது பக்கம் 240 பிக்சலில் மெனு, மீதி இடத்தில் உள்ளடக்கம். இரண்டையும் அருகருகே நிறுத்த டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ். உள்ளடக்கப் பகுதிக்கு ஃப்ளெக்ஸ்: 1, அதாவது "மிச்சம் உள்ள இடம் முழுக்க உனக்கு". அதற்குள் அதே உறை, அதே அட்டவணை, அதே ஓவர்ஃப்ளோ-எக்ஸ். ஸ்க்ரோல்பார் போயே போய்விட்டது. பழையபடி முழுப் பக்கமும் ஊஞ்சலாடியது.

உறையின் அகலத்தை பிரவுசரின் டெவலப்பர் கருவியில் பார்த்தபோது 1100 பிக்சல் என்று காட்டியது. அட்டவணையின் அகலமும் 1100. இரண்டும் சமம் என்றால் மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? பிரவுசர் பார்வையில் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது, பட்டை வரைய வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் இப்படி? ஃப்ளெக்ஸின் பிள்ளைகளுக்கு மின்-விட்த் என்ற பண்பின் இயல்பு மதிப்பு பூஜ்யம் இல்லை, ஆட்டோ. அதன் பொருள்: "உன் உள்ளடக்கம் எவ்வளவு சுருங்க முடியுமோ, அதற்குக் கீழே நீ சுருங்காதே." உள்ளே 1100 பிக்சல் அட்டவணை இருக்கிறது, ஆகவே உள்ளடக்கப் பகுதியும் 1100-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அதற்குள் இருக்கும் உறை தாயின் அகலத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. வரம்பு என்ற முதல் நிபந்தனையே காணாமல் போய்விட்டது. மருந்து ஒற்றை வரி:

```
.உள்ளடக்கம் {
  ஃப்ளெக்ஸ்: 1;
  மின்-விட்த்: 0;
}
```

இந்த மின்-விட்த்தை எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். உறையில் அல்ல, ஃப்ளெக்ஸின் நேரடிப் பிள்ளையில். உறையே நேரடிப் பிள்ளையாக இருந்தால் பிரச்சினையே வராது. ஓவர்ஃப்ளோ ஆட்டோ உள்ள பிள்ளைக்கு அந்தக் குறைந்தபட்சம் தானாகவே பூஜ்யம் ஆகிவிடும். ஃப்ளெக்ஸுக்குள் ஃப்ளெக்ஸ் என்று நாலு அடுக்கு இருந்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை எழுத வேண்டியிருக்கும். ஓர் அடுக்கு விட்டுப்போனாலும் அங்கே தொடங்கி உள்ளே உள்ளதெல்லாம் விரிந்துவிடும்.

கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டிலும் இதே கதை, வேறு வேடம். 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதினால் அது உண்மையில் குறைந்தபட்சம் ஆட்டோ, அதிகபட்சம் 1எஃப்ஆர். அதற்குப் பதிலாக மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதுங்கள். படிவங்களில் பயன்படும் ஃபீல்ட்செட் டேக்கும் ஒரு கள்ளன். பிரவுசரின் சொந்த ஸ்டைலிலேயே அதற்கு உள்ளடக்கத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச அகலம் எழுதியிருக்கிறது. ஃபீல்ட்செட்டுக்குள் அட்டவணை வைத்தால் அதற்கும் மின்-விட்த்: 0 தேவை.

ஸ்க்ரோல்பார் வராதபோதெல்லாம் நான் இப்போது செய்வது இதுதான்: உறையின் அகலம் என்ன, உள்ளே உள்ளதன் அகலம் என்ன என்று இரண்டு எண்களைப் பார்ப்பேன். சமமாக இருந்தால், உறையிலிருந்து ஒவ்வொரு தாயாக மேலே ஏறிக்கொண்டே போய், எந்த அடுக்கில் அகலம் திரையை மீறுகிறது என்று பார்ப்பேன். அந்த அடுக்கில்தான் வரம்பு உடைந்திருக்கும்.

அட்டைகளின் வரிசை

அட்டவணை மட்டுமல்ல, படங்கள், அட்டைகள், வடிகட்டிப் பொத்தான்கள் என்று பக்கவாட்டில் நகரும் வரிசைகள் இப்போது எல்லாத் திரையிலும் உண்டு. செய்முறை அதேதான். தாய்க்கு டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ், ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ, நடுவே கேப்: 12 பிக்சல். அட்டைகளுக்கு அகலம் 200 பிக்சல். இப்படி எழுதினால் பத்து அட்டையும் நசுங்கிப் போய் ஒரே திரையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஃப்ளெக்ஸில் சுருங்குவது இயல்பு. ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க்: 0 என்று ஒவ்வொரு அட்டைக்கும் சொல்லிவிட்டால் 200 பிக்சலில் உறுதியாக நிற்கும், மிச்சம் நகரும்.

அழகுக்காக ஜஸ்டிஃபை-கன்டென்ட்: சென்டர் போட்டுவிடாதீர்கள். நடுவில் வைத்தால் மிஞ்சுவது இரண்டு பக்கமும் வழியும். வலப்பக்கம் வழிவதை நகர்த்திப் பார்க்கலாம். இடப்பக்கம் வழிவதை அடையவே முடியாது. முதல் அட்டை பாதியில் வெட்டுப்பட்டு, எவ்வளவு இழுத்தாலும் வராமல் நிற்கும். நடுவில் வைத்தே ஆகவேண்டுமானால், முதல் அட்டையின் இடப்பக்கத்துக்கும் கடைசி அட்டையின் வலப்பக்கத்துக்கும் மார்ஜின் ஆட்டோ கொடுங்கள். இடம் இருக்கும்போது நடுவில் நிற்கும், இல்லாதபோது இடப்பக்க ஓரத்திலிருந்து தொடங்கும்.

விரலை எடுத்ததும் அட்டை ஓரத்தில் ஒழுங்காக வந்து நிற்க வேண்டுமானால் தாய்க்கு ஸ்க்ரோல்-ஸ்னாப்-டைப்: எக்ஸ் ப்ராக்ஸிமிட்டி, அட்டைக்கு ஸ்க்ரோல்-ஸ்னாப்-அலைன்: ஸ்டார்ட். மேண்டட்டரி என்ற கடுமையான வகையும் உண்டு. அட்டை திரையைவிட அகலமாக இருந்தால் அதில் தடுமாற்றம் வரலாம் என்பதால் நான் மென்மையானதோடு நிறுத்திக்கொள்வேன். போனில் வரிசையின் ஓரம் வரை இழுத்த பிறகும் இழுத்தால் சில பிரவுசர்கள் முந்தைய பக்கத்துக்கே போய்விடும். ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்-எக்ஸ்: கன்டெய்ன் அதைத் தடுக்கும்.

இருப்பது தெரியாத பட்டை

சரி, பட்டை வந்துவிட்டது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியுமா? போன்களில் பட்டை நகர்த்தும்போது மட்டும் மெல்லிய கோடாக வந்து மறையும். மேக் கணினிகளிலும் 2011-இல் வந்த லயன் பதிப்பு முதல் டிராக்பேட் வைத்திருப்பவர்களுக்கு இயல்பாகவே மறைந்திருக்கும். விண்டோஸ் கணினியில் வேலை செய்துவிட்டு "தடியாகப் பட்டை தெரிகிறதே" என்று நாம் திருப்தியடைந்தால், மேக்கில் பார்ப்பவர் மே மாதத்தோடு அட்டவணை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் பதிவேட்டைப் பார்த்த ஒருவர் "மொத்தம் எங்கே?" என்றே கேட்டார்.

எளிய தந்திரம்: ஏதாவது ஒரு நெடுவரிசையோ அட்டையோ வலது ஓரத்தில் பாதியில் வெட்டுப்படும்படி அகலத்தை வையுங்கள். கச்சிதமாக ஓரத்தில் முடிந்தால்தான் ஆபத்து. பாதி எழுத்து தெரிந்தால் யாரும் சொல்லாமலே கை இழுத்துப் பார்க்கும்.

இன்னொன்று ஓரத்து நிழல். உறையின் பின்னணியில் இரு ஓரங்களிலும் மெல்லிய நிழல் கிரேடியன்ட்டை வைத்து, அதை மூடும் பின்னணி நிறப் பட்டைகளுக்கு பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட்: லோக்கல் கொடுத்தால், மூடிகள் உள்ளடக்கத்தோடு நகரும், நிழல் நின்ற இடத்தில் நிற்கும். ஓரத்தை எட்டியதும் மூடி வந்து நிழலை மறைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். ஆனால் கட்டங்களுக்குப் பின்னணி நிறம் கொடுத்திருந்தால் நிழல் அவற்றின் அடியில் போய்விடும், கவனம்.

பட்டையின் தோற்றத்தை மாற்ற ஸ்க்ரோல்பார்-விட்த், ஸ்க்ரோல்பார்-கலர் என்று இரண்டு பண்புகள். ஃபயர்ஃபாக்ஸில் 2018-லேயே வந்தன, குரோமில் 2024-இல்தான். முன்னதற்கு ஆட்டோ, தின், நன் என்று மூன்றே மதிப்புகள். இத்தனை பிக்சல் என்று சொல்ல முடியாது. பின்னதற்கு இரண்டு நிறங்கள், முதலாவது நகரும் கட்டைக்கு, இரண்டாவது அது ஓடும் தடத்துக்கு. வெப்கிட் என்ற முன்னொட்டோடு வரும் பழைய முறையில் பிக்சல் கணக்கில் செதுக்கலாம், ஆனால் புதிய பண்புகளையும் சேர்த்து எழுதினால் இப்போதைய குரோம் பழையதை ஒதுக்கிவிடும். "எழுதினேன், மாறவில்லை" என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இரண்டையும் கலந்தவர்கள். ஸ்க்ரோல்பார்-விட்த்: நன் என்று பட்டையையே மறைப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். சாதாரண மவுஸ் வைத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் நகர்த்தத் தெரிந்த ஒரே வழி அந்தப் பட்டைதான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு சக்கரத்தை உருட்டலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் நகராமல், தலைப்பு நகராமல்

டிசம்பர் வரை இழுத்துப் போன பிறகு அந்த வரிசை யாருடையது என்று தெரிய வேண்டாமா? முதல் நெடுவரிசையின் கட்டங்களுக்கு பொசிஷன்: ஸ்டிக்கி, லெஃப்ட்: 0, கூடவே ஒரு பின்னணி நிறம். நிறம் இல்லாவிட்டால் அடியில் ஓடும் எண்கள் பெயரின் மேல் தெரிந்து பேய் எழுத்து மாதிரி இருக்கும். பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் வைத்திருந்தால் கட்டம் நிற்கும், அதன் கோடு மட்டும் ஓடிப்போகும். செப்பரேட் என்று மாற்றி பார்டர்-ஸ்பேசிங் பூஜ்யம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆசை, மாதப் பெயர்கள் உள்ள தலைப்பு வரிசையும் மேலே ஒட்டி நிற்க வேண்டும் என்பது. டாப்: 0 எழுதினால் வேலை செய்யாது. முன்பு சொன்ன அந்தக் கொக்கிதான் காரணம்: மறு அச்சும் ஆட்டோ ஆகிவிட்டதால், ஸ்டிக்கி இப்போது பக்கத்தைப் பார்ப்பதில்லை, உறையைப் பார்க்கிறது. உறையோ செங்குத்தாக நகர்வதே இல்லை.

இதோடு இன்னொரு தொல்லையும் சேரும். முந்நூறு வரிசை உள்ள அட்டவணைக்குப் பக்கவாட்டுப் பட்டை எங்கே இருக்கும்? முந்நூறாவது வரிசைக்குக் கீழே. அதைப் பிடிக்க அடிவரை போய், இழுத்துவிட்டு, மறுபடி மேலே வந்து படிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு, உறைக்கு மேக்ஸ்-ஹைட்டாகத் திரை உயரத்தில் 70 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்து, இரு அச்சிலும் ஓவர்ஃப்ளோவை ஆட்டோ ஆக்குவது. பட்டை எப்போதும் கண்ணில் படும், தலைப்பும் ஒட்டி நிற்கும். ஆனால் போனில் பக்கத்துக்குள் இன்னொரு நகரும் பெட்டி என்பது எரிச்சல். விரல் எதை நகர்த்துகிறது என்றே தெரியாது. ஆகவே இந்த உயர வரம்பை அகலத் திரைகளுக்கு மட்டும், திரை அளவைப் பார்த்து விதி போடும் மீடியா குவெரியில் வைப்பது என் பழக்கம்.

விசைப்பலகைக்காரர்களை மறக்காமல்

மவுஸ் பிடிக்க முடியாதவர்கள் டேப் விசையால் பக்கத்தில் நடப்பார்கள். உறைக்கு ஃபோகஸ், அதாவது விசைகளின் கவனம், கிடைத்தால்தான் அம்புக்குறி விசைகள் அதை நகர்த்தும். ஃபயர்ஃபாக்ஸ் நகரும் பெட்டிக்குத் தானாகவே ஃபோகஸ் தரும். குரோமும் 2024 முதல், உள்ளே ஃபோகஸ் வாங்கும் பொருள் எதுவும் இல்லாத பெட்டிகளுக்குத் தருகிறது. எல்லாப் பிரவுசரையும் நம்பி இருக்காமல் நாமே எழுதிவிடலாம்:

```
<டிவ் கிளாஸ்="அட்டவணை-உறை" டேப்இண்டெக்ஸ்="0"
     ரோல்="ரீஜன்" ஏரியா-லேபிள்="மாத வருகைப் பதிவேடு">
```

ஏரியா-லேபிளில் எழுதுவதைத்தான் திரைவாசிப்பான் படித்துக் காட்டும். அதைப் பயனர் படிக்கும் மொழியிலேயே எழுதுங்கள்.

அழையா விருந்தாளி

கேட்காத இடத்தில் பட்டை வந்து நிற்பதும் உண்டு, அதுவும் முழுப் பக்கத்துக்கும். அதிகம் மாட்டுவது விட்த்: 100விடபிள்யூ. திரை அகலம் முழுக்க என்று பொருள்தான், ஆனால் அந்தக் கணக்கில் செங்குத்துப் பட்டையின் அகலமும் சேர்ந்துவிடும். விண்டோஸில் அது சுமார் 15 பிக்சல், அந்த அளவுக்குப் பக்கம் மிஞ்சும். மேக்கிலும் போனிலும் தெரியவே தெரியாது, அதனால்தான் "என் கணினியில் நன்றாக இருக்கிறதே" சண்டை. 100 சதவீதம் என்று எழுதினால் தீர்ந்தது. அப்புறம் அளவு கட்டுப்படுத்தாத படங்கள், நடுவில் இடைவெளியே இல்லாத நீண்ட இணைய முகவரிகள். படத்துக்கு மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், முகவரிக்கு ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்.

குற்றவாளி தெரியாவிட்டால், எல்லா உறுப்புக்கும் அவுட்லைன்: 1 பிக்சல் சாலிட் ரெட் என்று தற்காலிகமாகப் போட்டு, வலதுபுறம் எது நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பார்டர் போடாதீர்கள், அது அகலத்தையே கூட்டிவிடும்; அவுட்லைன் இடம் பிடிக்காது. ஃபயர்ஃபாக்ஸின் இன்ஸ்பெக்டர் நகரும் உறுப்புகளின் அருகில் ஸ்க்ரோல் என்ற சின்ன முத்திரையும், மிஞ்சக் காரணமான உறுப்பின் அருகில் ஓவர்ஃப்ளோ என்ற முத்திரையும் காட்டும்.

முழுப் பக்கத்தையும் தாங்கும் பாடி டேக்குக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. வெளியே நீண்ட பொத்தான் யாருக்கும் எட்டாமல் போயிருக்கும், அது உங்களுக்கும் தெரியாது.

இணையத்துக்கு வெளியே உள்ள மார்க்அப் மொழிகளிலும் அதே மூன்று நிபந்தனைதான். ஆண்ட்ராய்டின் எக்ஸ்எம்எல்லில் ஹாரிசான்டல்ஸ்க்ரோல்வியூ என்றே ஒரு டேக் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரே ஒரு நேரடிப் பிள்ளைதான் அனுமதி. பல பொருள்களை வைக்க ஒரு லீனியர்லேஅவுட்டில் கட்டி உள்ளே வையுங்கள். விண்டோஸ் செயலிகளுக்கான சாமல் என்ற மார்க்அப் மொழியில் ஸ்க்ரோல்வியூவர் உறுப்புக்கு ஹாரிசான்டல்ஸ்க்ரோல்பார்விசிபிலிட்டி என்ற பண்பை ஆட்டோ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதைப் பக்கவாட்டு ஸ்டாக்பேனலுக்குள் வைத்தால் பட்டை வராது. ஸ்டாக்பேனல் தன் பிள்ளைகளிடம் "எல்லையில்லா அகலம் எடுத்துக்கொள்" என்று சொல்லும் வகை. வரம்பு இல்லை என்றால் மிஞ்சுவதும் இல்லை. கிரிட்டுக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

சோதிக்கும்போது திரை அகலத்தை 320 பிக்சல் வரை குறைத்துப் பாருங்கள். 1280 பிக்சல் திரையில் ஒருவர் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் கிடைக்கும் அகலம் அது. 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் நெறிகள் கேட்பதும் அந்த அளவுதான். சாதாரண உரையைப் படிக்க அந்த அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தும்படி இருக்கக் கூடாது. அட்டவணை, வரைபடம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதாவது உங்கள் உறை நகரலாம், பக்கம் நகரக் கூடாது.

கடைசியாக, தாளில் அச்சிடுதல். காகிதத்தை யாரும் இழுத்துப் பார்க்க முடியாது. உறையோடு அப்படியே அச்சிட்டால் ஜூலைக்குப் பிறகு உள்ள மாதங்கள் வெட்டுப்பட்டுப் போகும். மீடியா பிரிண்ட் பகுதியில் உறையின் ஓவர்ஃப்ளோவை விசிபிள் என்று திருப்பி, டேபிளின் குறைந்தபட்ச அகலத்தையும் நோராப்பையும் நீக்கி, எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கிவிட்டேன். 14 நெடுவரிசையும் குறுக்கே திருப்பிய ஏ4 தாளில் அடங்கின.